நாலு பெட்டியும் அப்பாட கடன் கொப்பியும்

அண்ணா,

நான் உப்புவெளி. கோணேசபுரி கெம்பஸில பிஸ்னஸ் படிக்கிறன். திருகோணமலை டவுன்ல அப்பாட ஹார்ட்வெயார் கடை ஒண்டு இருக்கு, முப்பது வருசமா அதே கடைதான். கனடாவில இருக்கிற பெரியண்ணா, காசு அனுப்புறன், பெருசா ஏதாவது செய்யுங்க எண்டு நிக்கிறார். லெக்சரர் அந்த நாலு பெட்டி மெட்றிக்ஸ் படிப்பிச்சவர். இருக்கிற சாமானை இருக்கிற ஆக்களுக்கே கூட விக்கிறது, அதே சாமானோட புது இடத்துக்குப் போறது, அதே ஆக்களுக்குப் புதுச் சாமான், கடைசியா ரெண்டுமே புதுசு. நான் அதை எங்கட கடைக்குப் போட்டுப் பாத்தன். கிண்ணியாவில பிராஞ்ச், இல்லாட்டி எங்கட பேரில பெயின்ட், இல்லாட்டி உப்புவெளிக் காணியில கெஸ்ட் ஹவுஸ். மூண்டும் நல்லாத்தான் தெரியுது. பெரிய கொம்பனிகள் எதில இறங்கிறதெண்டு எப்பிடி முடிவெடுக்குது? காசிருந்தா எதிலயும் இறங்கலாந்தானே? அப்பா எண்டா ஒண்டுக்கும் வாய் திறக்கிறாரில்ல.

ஒரு வாசகர்

தம்பி,

அப்பா வாய் திறக்காததுதான் உங்கட கடிதத்திலயே முக்கியமான விசயம், அதுக்குக் கடைசியா வாறன்.

முதல்ல அந்தப் பெட்டி. அதை 1957ல போட்டவர் இகோர் அன்சொஃப். போடேக்கயே அவர் ஒண்டைச் சொல்லித்தான் போட்டவர், முதல் மூண்டுக்கும் கையில இருக்கிற ஆளும் அனுபவமும் ஓரளவு காணும், நாலாவதுக்குப் போனா திறமை, வேலைமுறை, வசதி எல்லாமே புதுசா வேணும் எண்டு. ஆனா ஸ்லைட்ல கீறேக்க நாலு பெட்டியும் ஒரே அளவில வந்துடும், பாக்கிறவனுக்கு நாலும் ஒரே மாதிரிக் கதவு, எதைத் திறந்தாலும் சரி எண்டு தோணும். லெக்சரரில பிழையில்ல, பெட்டியில பிழை.

காசிருந்தா எதிலயும் இறங்கலாமா? அமெரிக்காவில க்வேக்கர் ஓட்ஸ் 1994ல ஸ்னாப்பிள் எண்ட குளிர்பானக் கொம்பனியை 170 கோடி டொலருக்கு வாங்கினது. கேட்டரேட் எண்ட இன்னொரு பானத்தை சுப்பர்மார்க்கட்டுகளில போட்டு அடிச்ச அனுபவம் ஏற்கனவே அவையிட்ட இருந்தது, அதே வழியால இதையும் தள்ளிடலாம் எண்டு நினைச்சவை. ஆனா ஸ்னாப்பிள் விலைப்பட்டது சின்னச் சின்னக் கடையள்ல, அந்தக் கடையளைக் கையில வச்சிருந்தது ஊர் ஊரா இருந்த டிஸ்ட்ரிபியூட்டர்மார், உங்கட சுப்பர்மார்க்கட் கணக்கை எங்களுக்குத் தாங்க, பதிலுக்கு சின்னக் கடையளுக்கு கேட்டரேட்டை நீங்க வில்லுங்க எண்டு க்வேக்கர் கேக்க, அவங்கள் மாட்டம் எண்டு நிண்டுட்டாங்கள். 1997ல க்வேக்கர் ஸ்னாப்பிளை 30 கோடி டொலருக்கு வித்துட்டுப் போனது. ரெண்டுமே போத்தல்ல அடைச்ச தண்ணிதான் பாருங்க, உங்கட பெட்டிக்கணக்குல "அதே ஆக்களுக்குப் புதுச் சாமான்" எண்டுதான் வரும். காசுக்கும் குறைவில்ல.

எடித் பென்ரோஸ் எண்ட பொருளியலாளர் 1959லயே இதுக்கு விளக்கம் சொல்லிட்டா. ஒரு கொம்பனி எவ்வளவு வேகமா வளரலாம் எண்டதுக்குக் கடிவாளம் காசு இல்ல, அந்த வேலையை உள்ளுக்குள்ள இருந்து பழகின ஆக்கள். அப்பிடியான ஆக்களை வெளியில காசு குடுத்து உடன வாங்கேலாது. அதே நேரம் எந்தக் கொம்பனியிலயும் ஏதோ ஒண்டு முழுசாப் பாவிக்காமச் சும்மா கிடக்கும், ஒரு மிசின், ஒரு லொறி, ஒராளின்ட மூளை, அந்தச் சும்மா கிடக்கிறதிலதான் அடுத்த வளர்ச்சி முளைக்கும்.

எனக்கு இது படிச்சு விளங்கினதில்ல. 2009ல கிண்ணியாப் பாலம் திறந்தாப்பிறகு, அதுக்கு முதல் பாதையில, அதான் ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவையில, ஏறித்தானே அங்கால போறது, என்ட பெரியப்பா தன்ட பேக்கரிக்கு அங்க ஒரு பிராஞ்ச் போட்டவர், கணக்கு வழக்கு பாத்தது நான். அதே மா, அதே போறணை, அதே ரோஸ் பாண். பதினாலு மாசத்தில மூடினம். மாக் குழைக்கிற பாஸ் ஒராள்தான், ராத்திரி ரெண்டு மணிக்கு மாவைத் தொட்டுப் பாத்து இண்டைக்கு இன்னும் அரை மணித்தியாலம் பொங்கட்டும் எண்டு சொல்லுற கை அந்தாள்ட மட்டுந்தான் இருந்தது, அங்க போட்ட பெடியனுக்கு அது வரேல்ல. அதைவிடப் பெரிய அடி கடன். டவுன்ல எந்தத் தேத்தண்ணிக் கடைக்காரர் மாசக் கடைசியில தருவார், யார் இழுத்தடிப்பார் எண்டு பெரியப்பாக்கு முகத்தைப் பாத்தே தெரியும். அங்கால அவருக்கு ஒருத்தரையும் தெரியாது, எல்லாருக்கும் குடுத்தார், பிறகு பயந்து ஒருத்தருக்கும் குடுக்காம விட்டார். ரெண்டாலயும் நட்டம்.

இனிச் சீனக்குடாப் பக்கம் பாருங்க, தினம் பஸ்ஸில போறம் வாறம், யோசிக்கிறதில்ல. மா அரைக்கிற பிறிமா மில் அங்க வந்ததே துறைமுகம் ஆழமெண்டபடியாத்தான், கோதுமைக் கப்பல் மில்லடிக்கே வந்து நிக்கும். நூறு கிலோ கோதுமை அரைச்சா ஏறத்தாழ 75 கிலோதான் வெள்ளை மா, மிச்சம் தவிடு. தவிட்டைக் கடலில கொட்டேலாது, அது கோழித்தீனுக்குப் போகும், அந்தக் குழுமம் தீன், கோழி, நூடில்ஸ் எண்டு போனது ஆச்சரியமில்ல, ஒண்டின்ட மிச்சம் மற்றதுக்கு மூலப்பொருள். டோக்கியோ சீமெந்தும் அப்பிடித்தான். அதை 1982ல ஜப்பான் மிட்சுயி மைனிங்கோட சேர்ந்து தொடங்கின ஞானம் அவர்கள் உங்கட அப்பா மாதிரி ஹார்ட்வெயார் யாவாரத்தில இருந்து வந்தவர். கிளிங்கரை, அதான் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கிற கட்டியை, கப்பலில இறக்கி இங்க அரைச்சு சீமெந்தாக்கினாங்க, பிறகு றெடிமிக்ஸ் எண்ட கலந்தே வாற கொங்கிறீட், டைல் ஒட்டுற பசை எண்டு சீமெந்து வாங்கிறவனுக்கே அடுத்ததா என்ன தேவையோ அந்தப் பக்கம் போனாங்க, கரண்ட் செலவுக்கு சீமைக்கிளுவை விறகு எரிக்கிற பவர் பிளான்ட் போட்டாங்க. நாலு பெட்டியில இதை எதுக்குள்ள போடுவீங்க? எனக்குத் தெரியேல்ல, அவையும் பெட்டி பாத்துப் போயிருப்பினம் எண்டு நான் நினைக்கேல்ல.

உங்கட மூண்டுக்கும் வாறன். கெஸ்ட் ஹவுஸ் வேண்டாம், சீசன் மே தொடங்கி செப்டெம்பர் மட்டும், மிச்ச மாசம் பெட்சீற் காயப்போடுற ஆளுக்கும் சம்பளம் குடுக்கோணும், உங்கட வீட்டில ஒருத்தருக்கும் அந்த வேலை தெரியாது. பெயின்ட் எண்டா விளம்பரத்துக்கே அண்ணாட கனடாக் காசு பத்தாது. கிண்ணியா பிராஞ்சுக்கு என்ட பெரியப்பாட கதையே காணும், பாலம் வந்தாப்பிறகு அங்கத்த ஆக்களே டவுனுக்கு வந்து வாங்கிறாங்கள், நீங்க ஏன் அங்க போகோணும்?

அப்பாட கடையில என்ன சும்மா கிடக்குது? நான் நினைக்கிறன் அவரின்ட கடன் கொப்பி. முப்பது வருசமா எந்த மேசன் பாஸ் சொன்ன திகதிக்குக் காசு தருவார், யார் சாமானை உடைச்சுக் கொண்டுவந்து தருவார் எண்டது முழுக்க அதிலயும் அவர்ட தலையிலயும் இருக்கு. அதே மேசன்மாருக்குக் கொங்கிறீட் மிக்சரும் சாரப் பலகையும் தட்டுக்கு முட்டுக் குடுக்கிற இரும்பு ஜக்கும் வாடகைக்கு வேணும். வாடகை யாவாரத்தில மிசின் வாங்கிறது லேசு, ஆரை நம்பிக் குடுக்கிறது எண்டதுதான் கஷ்டம், அது அவருக்குத் தெரியும். கடை லொறி பின்னேரம் நிக்குதெண்டா அதிலயே ஏத்தி இறக்கலாம்.

அவர் வாய் திறக்காததுக்கு நீங்க சொன்ன மூண்டிலயும் அவர்ட தலைக்கு வேலை இல்லாததும் ஒரு காரணமா இருக்கலாம். மெட்றிக்ஸை வச்சிட்டு ஒரு பின்னேரம் அந்தக் கொப்பியோட அவருக்குப் பக்கத்தில இருங்க, ஒவ்வொரு பேரா என்ன கதை எண்டு கேளுங்க, அதை ஒரு கொப்பியில எழுதுங்க, ஏனெண்டா இப்ப அது ஒராளிட்ட மட்டுந்தான் இருக்கு.

மிக்சர் விலை விசாரிச்சா எனக்கும் சொல்லுங்க, மச்சான் ஒருத்தர் நிலாவெளியில வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். அவருக்குக் கடன் குடுக்க வேண்டாம்.