கார்டியாலஜி வேண்டாம், வார்டு போதும் என்கிறாள் மகள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்) ரெசிடென்சிப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு முடிகிற நேரத்தில் உங்கள் பெண் கார்டியாலஜியை விட்டுவிட்டு, "ஹாஸ்பிட்டலிஸ்ட் ஆகப் போகிறேன், டீச்சிங்கும் ஹெல்த் ஈக்விட்டியும்தான் என் வழி" என்கிறாள். ஹாஸ்பிட்டலிஸ்ட் என்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர். ஹெல்த் ஈக்விட்டி என்பது வசதி, மொழி பார்க்காமல் எல்லோருக்கும் நியாயமான ஆரோக்கிய வாய்ப்பு. மகளுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் நியூஜெர்சி நண்பர்கள் வட்டத்தில் இதை விளக்குவது உங்களுக்குக் கஷ்டம்தான். என்ன ஸ்பெஷாலிட்டி என்று கேட்பவர்களிடம் சொல்ல ஓர் உறுப்பின் பெயர்கூட இதில் கிடையாது.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருப்பது அதைத்தான். அமெரிக்காவில் மருத்துவர் சம்பளப் பட்டியலின் அடிப்பகுதியில் இருப்பது குழந்தை மருத்துவம். ரெசிடென்சிக்குப் பிறகு படிக்கும் சிறப்புப் பயிற்சியான ஹாஸ்பிட்டலிஸ்ட் ஃபெல்லோஷிப் இரண்டு வருஷம். அதை முடித்தாலும் அதற்காகச் சம்பளம் பெரிதாக ஏறிவிடாது. இதை மறைத்துப் பேசுகிற ஆலோசகரை நம்பாதீர்கள். ஆறுதலாக ஒன்று உண்டு. லாப நோக்கில்லாத அல்லது அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால், அரசுக் கல்விக்கடனில் மிச்சமிருப்பது தள்ளுபடியாகும். ரெசிடென்சி, ஃபெல்லோஷிப் மாதங்களும் அந்தக் கணக்கில் சேரும். வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டத்தில் அவள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். ரெசிடென்சி வேலைப் பளுவில் பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஃபெல்லோஷிப் அவசியமா? குழந்தைகள் ஹாஸ்பிட்டலிஸ்ட் துறைக்கு 2016-ல் தனி சப்-ஸ்பெஷாலிட்டி அங்கீகாரம் கிடைத்தது. அதற்குச் சான்றிதழ் தரும் முதல் போர்டு தேர்வு 2019-ல் நடந்தது. வேலை அனுபவத்தை மட்டும் காட்டி அந்தத் தேர்வை எழுதும் வழி 2023-ஓடு மூடப்பட்டுவிட்டது. ஊர்ப்புற மருத்துவமனையில் குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொள்வது மட்டும் போதும் என்றால், ஃபெல்லோஷிப் இல்லாமலே இன்றும் வேலை கிடைக்கும். உங்கள் பெண் கேட்பது மெடிக்கல் காலேஜோடு சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பதவி. அதற்கு ஃபெல்லோஷிப் வேண்டும்.

அப்புறம், வேலை எப்படி இருக்கும்? காலை ரவுண்ட்ஸ். ஆஸ்துமாவோடு வந்த ஆறு வயதுப் பையன், ஸ்பானிஷ் மட்டும் பேசும் அம்மா, டேப்லெட் திரையில் மொழிபெயர்ப்பாளர். இன்டர்ன் (முதலாண்டு ரெசிடென்ட்) கேஸைச் சொல்லி முடித்ததும் ஹாஸ்பிட்டலிஸ்ட் குறுக்கே பேசுவதில்லை. "வீட்டில் இன்ஹேலர் எப்படிக் கொடுப்பீர்கள் என்று காட்டச் சொல்லு" என்கிறார். அம்மா இன்ஹேலரில் பொருத்த வேண்டிய ஸ்பேசர் குழாயை மாட்டாமல் மருந்தை நேரே வாயில் அடிக்கிறார். அதே இடத்தில் இன்டர்ன் திருத்திச் சொல்லிக்கொடுக்கிறான். ராத்திரி மருந்துக்கடை திறந்திருக்குமா, போக கார் இருக்கிறதா என்றும் கேட்கிறான். இந்தப் பத்து நிமிஷத்தில் வைத்தியம், பாடம், ஈக்விட்டி மூன்றும் அடங்கிவிட்டன. உங்கள் பெண் சொல்லும் வழி இதுதான். மூன்றையும் தனித்தனி வேலை என்று நினைத்துக்கொண்டு அவள் அலைய வேண்டியதில்லை.

பாடம் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரு கேரியரா என்ற உங்கள் சந்தேகத்துக்கு ஐ-பாஸ் நல்ல பதில். ஷிப்ட் மாறும்போது ஒரு ரெசிடென்ட் அடுத்தவரிடம் நோயாளிகளை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்ற பயிற்சி அது. ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவப் பிரிவுகளில் அதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் முடிவு வந்தது. புது மருந்து ஒன்றும் இல்லை, வெறும் பயிற்சிதான்.

ஈக்விட்டிக்கு நான் எப்போதும் சொல்வது ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்துக் கதை. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையும் ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பும் 2008-ல் கைகோத்தன. பூஞ்சை, எலி, ஒழுகும் கூரை என்று வீட்டுப் பிரச்சினை உள்ள குடும்பங்களை மருத்துவர்கள் வக்கீல்களிடம் அனுப்பினார்கள். வந்த புகார்களை வரிசைப்படுத்தியபோது, பல குடும்பங்கள் ஒரே உரிமையாளரின் கட்டடங்களில் குடியிருப்பது தெரியவந்தது. தனித்தனியாக நின்றவர்களுக்குச் சேர்ந்து பழுதுபார்க்கக் கேட்கும் பலம் வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரக் குழாய்நீரில் ஈயம் கலந்த விவகாரமும் உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியதை 2015 செப்டம்பரில் பத்திரிகையாளர் முன் எடுத்து வைத்த மோனா ஹன்னா-அட்டிஷா, அப்போது அங்கே பீடியாட்ரிக்ஸ் ரெசிடென்சியின் இயக்குநர். பாடம் எடுக்கும் வேலையில் இருந்தவர்தான்.

சரி, இனி கவலைப்பட வேண்டிய இடம். இந்த வழியில் போகிறவர்கள் தேங்கி நிற்பது நேரம் இல்லாததால். மருத்துவமனை சிரித்த முகத்தோடு "நீங்கள்தான் எங்கள் கரிகுலம் லீட் (பாடத்திட்டப் பொறுப்பாளர்), ஈக்விட்டி கமிட்டியிலும் இருங்கள்" என்று சொல்லும். வார்டு ஷிப்ட் ஒன்றுகூடக் குறையாது. நம் பிள்ளைகள் மறுக்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். ஐந்து வருஷம் கழித்து அசோசியேட் புரொபசர் பதவிக்கு விண்ணப்பித்தால், "என்ன வெளியிட்டிருக்கிறீர்கள்?" என்று கமிட்டி கேட்கும். சிறந்த ஆசிரியர் விருது அங்கே பாதி தூரம்தான் கொண்டுபோகும். தான் உருவாக்கிய பாடத்திட்டத்தை மெட்எட்போர்ட்டல் போன்ற ஆய்விதழில் வெளியிட்டிருக்க வேண்டும், இன்னொரு மருத்துவமனை அதை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் இன்னும் பலம். ஆகவே எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2025 தொடக்கத்திலிருந்து வாஷிங்டனில் காற்று மாறிவிட்டது. ஈக்விட்டி என்ற பெயரோடு இருந்த பல ஆராய்ச்சி நிதிகள் நின்றன, சில பதவிகளின் பெயர்ப்பலகையும் மாறியது. அதனால் அந்தப் பெயரில் ஒரு பதவியைத் தேடிப் போவதை விட, ஆஸ்துமா, மொழிபெயர்ப்பு வசதி, டிஸ்சார்ஜுக்குப் பிறகு திரும்பி வரும் குழந்தைகள் என்று ஏதாவது ஒரு பிரச்சினையைக் கையில் எடுப்பது பாதுகாப்பு. மருத்துவமனையின் தரமேம்பாட்டுப் பிரிவுக்கு அந்த வேலை எந்த ஆட்சியிலும் தேவை.

இன்டர்வியூவில் அவள் கேட்க வேண்டியவை இவை: வாரத்தில் எத்தனை சதவீதம் வார்டுக்கு வெளியே? அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்குமா? மெடிக்கல் எஜுகேஷனில் மாஸ்டர்ஸ் படிக்க யார் பணம் தருவார்கள்? கடைசியாக இந்த வழியில் பதவி உயர்வு பெற்றவர் யார், அவரோடு பேசலாமா? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லத் திணறும் இடத்தை, அவள் விருப்ப வரிசைப்படி கொடுக்கும் ரேங்க் பட்டியலில் கீழே தள்ளலாம்.

விண்ணப்பம் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், கோடையில் போக வேண்டும். அதற்கு முன் ஒரு பக்கத்தில், தன் வார்டில் அவள் சரிசெய்ய நினைக்கும் ஒரே ஒரு விஷயத்தையும் அதை எப்படி அளப்பாள் என்பதையும் எழுதி, சி.வி.யோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கார்டியாலஜி பற்றி மட்டும் இந்த மாதம் அவளிடம் மறுபடி எடுக்காதீர்கள்.