கல்லினன் வைரமும் அரைப் பேரும்

மதிப்பிற்குரிய ஐயா,

இலங்கை மலையகத்தில், ஹட்டனில், ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கல்லினன் வைரத்தைக் கண்டெடுத்தவர் கல்லினன்தானா என்று ஒரு மாணவி கேட்டாள். அதைத் தபாலில் அனுப்பினார்கள் என்பதும் மெய்யா?
— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

தபால் கதை மெய்தான். லண்டனுக்குக் கப்பலில் காவலோடு போனது போலிக்கல். அசல் பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்தது. கடிதங்கள் தேயிலைத் தோட்ட ஆபீஸ் மேசையிலேயே வாரக்கணக்கில் தூங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதலில் நம்பவே இல்லை.

கண்டெடுத்தவர் கல்லினன் அல்லர். தோமஸ் கல்லினன் சுரங்கக் கம்பனியின் தலைவர். 1905 ஜனவரி 26 அன்று, தென்னாப்பிரிக்காவின் பிரிமியர் சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்க வந்த மேலாளர் பிரெட்ரிக் வெல்ஸ், சுவரில் ஏதோ மின்னுவதைக் கண்டு அதை நோண்டி எடுத்தார். அவருக்கு 3,500 பிரிட்டிஷ் பவுண் பணம் வெகுமதியாகக் கிடைத்தது. கல்லுக்குத் தலைவரின் பெயர். அந்தச் சுவர் வெளியே தெரியும்வரை மண்ணை வெட்டிக் கொட்டிய கறுப்பினத் தொழிலாளர்களின் பெயரைக் கதை சொல்வதில்லை. நம் ஊரில் நாட்கூலியையே 'பேர்' என்கிறோம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அவர்களுக்கு இந்தக் கதையில் அந்த அரைப் பேரும் விழவில்லை.

கல்லின் எடை 3,106 காரட், அதாவது சுமார் 621 கிராம். என் அம்மா கொழுந்து நிறுக்கும்போது தராசுக்காரர் தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பார். நகைக்கு ஏற்ற தரத்தில் உலகில் கிடைத்த மிகப் பெரிய வைரம் அந்தக் கழிவுக்குள் அடங்கிவிடும்!

1907இல், சுரங்கம் இருந்த டிரான்ஸ்வால் பகுதியின் அரசு அதை 1,50,000 பவுணுக்கு வாங்கி, பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வைரம் வெட்டும் யோசப் ஆஷர் அதைப் பிளந்தார். முதல் அடியில் உடைந்தது கல் அல்ல, கத்தி. முடிவில் ஒன்பது பெரிய கற்களும் 96 சிறியவையும் கிடைத்தன. பெரியது, 530 காரட், பிரிட்டிஷ் அரச செங்கோலில் இருக்கிறது. அடுத்தது, 317 காரட், கிரீடத்தில். ஆஷர் மயங்கி விழுந்தார் என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

முழுக்கல்லின் ஒரு பக்கம் தட்டையாக இருந்ததால், இன்னும் பெரிய கல் ஒன்றிலிருந்து உடைந்த துண்டாக இருக்கலாம் என்று அப்போதே எண்ணினார்கள். மீதி அகப்படவில்லை.

வகுப்புக்கு நடுத்தரமான நுவரெலியா உருளைக்கிழங்கு ஒன்று கொண்டுபோங்கள். கல்லின் பருமன் ஏறக்குறைய அவ்வளவுதான். எடையைக் காட்ட, அதே போல இன்னும் இரண்டு மூன்றைத் தராசில் சேர்த்து வையுங்கள்.