இல்லாத கப்பலுக்கும் எடை உண்டு

கற்பனைப் போர்க்கப்பல்களையும் விமானங்களையும் வரைபவர்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டிச் செய்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலானவை கொழும்பிலிருந்தே வந்தவை.

கொட்டாஞ்சேனை வாசகர்: 1958இல் இலங்கைக் கடற்படைக்கு 46 சென்ரிமீற்றர் பீரங்கிகள் ஒன்பது கொண்ட ஒரு கப்பலை வரைந்தேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஏன் அண்ணா?

படம் அழகாகத்தான் இருக்கிறது, தம்பி. கப்பல்தான் மிதக்காது. ஜப்பானின் மாபெரும் போர்க்கப்பலான யமாட்டோவில் அந்தப் பீரங்கிகள் மூன்றைத் தாங்கிய ஒரு சுழல்மேடையின் எடை மட்டும் ஏறத்தாழ 2,500 தொன். அக்கால நாசகாரிக் கப்பல் ஒன்று முழுவதுமே அவ்வளவுதான். அத்தகைய சுழல்மேடைகள் மூன்றை நீங்கள் 120 மீற்றர் உடலில் ஏற்றியிருக்கிறீர்கள். யமாட்டோவின் நீளம் 263 மீற்றர்.

அன்றைய நம் கடற்படையிடம் இருந்தவற்றைப் பாருங்கள். முதற்கப்பலான ‘விஜய’ கடற்கண்ணிகளை அகற்றும் ஒரு கண்ணிவாரிக் கப்பல். 1959இல் இஸ்ரேலிடமிருந்து ஃபிரிகேட் எனும் சிறிய காவற்போர்க்கப்பல்கள் இரண்டு, பழையவை, வந்தன. பெரிய கப்பல் வேண்டுமென்றால் இந்தியா போன வழியில் போங்கள்: பிரித்தானியாவின் ‘நைஜீரியா’ என்ற பழைய குரூசரை (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பலை) வாங்கி, 1957இல் ‘மைசூர்’ என்று பெயர் மாற்றிச் சேவையில் சேர்த்தார்கள். அதே ஆண்டில்தான் பிரித்தானியர் திருகோணமலையை விட்டுப் போனார்கள். போகும்போது ஒரு குரூசரை விட்டுவிட்டுப் போனார்கள் என்று எழுதினால் நான் நம்புவேன். அதற்கு மாலுமிகள் எழுநூறு பேருக்கு மேல் வேண்டும். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், சம்பளத்தை யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

வெள்ளவத்தை மாணவி: 1942இல் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’ மூழ்காமல் தப்பியிருந்தால்? அதன் தளத்தில் ஜெட் விமானங்களை வைக்கலாமா?

தப்பவைக்கலாம், தங்கையே. ஜெட் மட்டும் வேண்டாம்.

நடந்தது இது. ஏப்ரல் 4 மாலை, கொக்கலயிலிருந்து பறந்த லெனார்ட் பேர்ச்சலின் கற்றலீனா வேவு விமானம் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. நம் குதிரைப் பந்தயத் திடல்கூட அப்போது பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்களின் ஓடுபாதையாக இருந்தது. ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் குண்டுவீச்சு விமானங்களிடம் அகப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டே திருகோணமலையிலிருந்து புறப்பட்டிருந்தது.

ஆகவே கதையில் மாற்ற வேண்டியது ஒன்றுதான். கப்பல் ஆறு மணி நேரம் முந்திப் புறப்பட்டது, அல்லது ஜப்பானிய வேவு விமானம் மேகத்துக்குள் அதைத் தவறவிட்டது. இதற்கு மேல் இரண்டாவது அதிர்ஷ்டம் கொடுக்காதீர்கள்.

தப்பிய கப்பல் அதே பழைய கப்பல்தான். 10,850 தொன், மணிக்கு 25 கடல்மைல் வேகம், இருபது விமானங்களுக்கு மட்டுமட்டான இடம். கனத்த போர்விமானத்தை அது சுமக்காது. ஆனால் ரேடார் பொருத்திய, மெதுவான பழைய சுவோர்ட்ஃபிஷ் விமானங்களோடு கொழும்புக்கு வரும் வணிகக் கப்பல்களைக் காத்து, நீர்மூழ்கிகளைத் துரத்தியிருக்கலாம். இது மங்கலான பாத்திரம் என்பீர்கள். எனக்கோ ஜெட்டைவிட இதுவே நல்ல கதை.

தெகிவளை வாசகர்: முன்பாதி போர்க்கப்பல், பின்பாதி விமானத்தளம்?

ஜப்பான் 1943இல் ‘இசே’, ‘ஹியூகா’ இரண்டையும் அப்படி மாற்றியது. அவற்றின் தளத்திலிருந்து ஒரு விமானமும் போருக்குப் பறக்கவில்லை. தாராளமாக வரையுங்கள், வெற்றி பெற்றது என்று மட்டும் எழுதாதீர்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: அறுபதுகளில் நம் விமானப்படைக்கு ஒலியைவிட வேகமாகப் பறக்கும் ஒரு மீயொலி விமானம்?

இந்தியாவின் ‘மாருத்’ போர்விமானத்தைப் பாருங்கள். ஜெர்மானியரான கூர்ட் டாங்க் வடிவமைத்தது, 1961இல் முதலில் பறந்தது. உடல் மீயொலிக்கு ஏற்றது, எஞ்சின்தான் கைவிட்டது. எதிர்பார்த்த வலிமையான பிரித்தானிய ஓர்ஃபியஸ் எஞ்சினின் உருவாக்கம் பணமின்றி நின்றுவிட, வலு குறைந்த எஞ்சினோடு அது காலம் தள்ளியது. இலண்டனில் யாரோ அந்தக் காசோலையில் கையெழுத்திட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் இரத்மலானையில் நான்கு மாருத்துகள் நிற்பது அவ்வளவு பெரிய பொய் அல்ல. உண்மையில் அப்போது நம்மிடம் இருந்தவை ஜெட் புரொவோஸ்ட் பயிற்சி விமானங்கள். மிக்-17 வந்தது 1971இல்.

பெயர் குறிப்பிடாத வாசகர்: நம் உள்நாட்டுப் போரையே மாற்று வரலாறாக்கினால்?

நான் செய்வதில்லை. அதில் பிள்ளைகளை இழந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள்.

மருதானை வாசகர்: 1943இன் கற்பனை ‘இலங்கை ஸ்குவாட்ரன்’ ஹரிக்கேனுக்கு வட்டச் சின்னத்தை எந்த நிறத்தில் ஒட்டுவது சேர்?

சிவப்பு வேண்டாம். ஜப்பானியரின் சிவப்பு வட்டமென்று எண்ணி நம்மவர்களே சுட்டுவிடக்கூடும் என்பதால், இந்தப் பகுதியில் பறந்த பிரித்தானிய விமானங்களில் நடுச்சிவப்பை நீக்கினார்கள். கடும் நீலம், நடுவில் வெளிர் நீலம். வாங்கிய பெட்டியில் சிவப்புச் சின்னம்தான் இருக்குமென்றால், நடுவட்டத்தின் மேல் வெளிர் நீலத்தை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். ஒரே தடிப்பான பூச்சில் விளிம்பு கலங்கிவிடும்.