தானியத்தில் மரபணு மாற்றம்: அகச்சிவப்புக் கருவியால் எவ்வளவு சொல்ல முடியும்?

புரதமும் ஈரமும் பார்க்கும் என்ஐஆர் (அண்மை அகச்சிவப்பு) கருவி எங்களிடம் இருக்கிறது. மரபணு மாற்றுச் சோயாவை அதிலேயே கண்டுபிடிக்கலாமா? (பிறை, மலேசியா)

நேரடியாக முடியாது. நீர், புரதம், எண்ணெய் ஆகியவை 780 முதல் 2500 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதைத்தான் அது அளக்கிறது. செருகிய மரபணு மிகச் சொற்பம். உறிஞ்சல் வரைபடத்தில் அதற்கென்று தனி முகடு எழாது. மரபணு மாற்றுச் சோயாவுக்கும் சாதாரணச் சோயாவுக்கும் இடையிலுள்ள நுண்ணிய ஒட்டுமொத்த வேறுபாட்டைக் கணினி மாடல்தான் பிடிக்க வேண்டும். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, சுமார் 8000 மாதிரிகளைக் கொண்டு ரவுண்டப் ரெடி என்ற மரபணு மாற்றுச் சோயாவை 93 சதவீதம் சரியாகப் பிரித்தது. சந்தேகச் சரக்கை ஒதுக்க அது உதவும், சான்றிதழ் தரப் போதாது.

எங்கள் மாடல் பழைய சரக்கில் பிரமாதமாக வேலை செய்தது. புதிய கப்பல் வந்ததும் எல்லாம் தலைகீழ். ஏன்? (பட்டர்வொர்த்)

பெரும்பாலும் மாடல் மரபணு மாற்றத்தைக் கற்கவில்லை, ஊரைக் கற்றிருக்கிறது. மரபணு மாற்றுச் சோயா முழுக்க ஒரு நாட்டிலிருந்தும், சாதாரணச் சோயா வேறொரு நாட்டிலிருந்தும் வந்திருந்தால் கருவி பிரித்தது மண்ணையும் ரகத்தையும்தான். ஒரே ரகத்தின் இரு வடிவங்களை ஒரே வயலில் விளைவித்த மாதிரிகளைச் சேர்த்துப் பயிற்றுவியுங்கள். சோதிக்கும்போது ஒரு கப்பல் சரக்கை முழுசாக வெளியே வையுங்கள். ஒரே மூட்டையின் மாதிரிகளைப் பயிற்சி, சோதனை என இரு பக்கமும் போட்டால் மதிப்பெண் பொய்யாக உயரும்.

அடுத்த எதிரி நம் ஊர் ஈரம். 1450, 1940 நானோமீட்டரில் நீரின் முகடுகள் பெரிதாக எழுந்து மற்றதை மூடிவிடும். குளிர் அறையிலிருந்து எடுத்த பையை உடனே திறந்தால் பருப்பின் மேல் நீர் படியும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு திறவுங்கள். கருவியை அரை மணி நேரம் சூடேற விட்டு, வெள்ளைத் தட்டில் சரிபார்த்து, கிண்ணத்தைக் கொட்டி மறுபடி நிரப்பி மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

லேபிளுக்கான 3 சதவீத வரம்பை இதில் பார்க்கலாமா? (செந்தூல்)

கூடாது. மலேசிய உணவு விதிமுறைப்படி, தற்செயலாகவும் தவிர்க்க முடியாமலும் கலந்தது 3 சதவீதத்துக்கு உட்பட்டிருந்தால் லேபிள் தேவையில்லை. மொத்தமாக அளக்கும்போது அந்த 3 சதவீதம் மற்ற 97க்குள் கரைந்துவிடும். அளவு சொல்ல, டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனைதான் வேண்டும். அதற்கும் மாதிரி முக்கியம்: 3 சதவீதக் கலப்பிலிருந்து 100 விதை எடுத்தால், மரபணு மாற்று விதை ஒன்றுகூட வராமல் போக ஏறக்குறைய 5 சதவீத வாய்ப்புண்டு. மூட்டைகளின் பல இடங்களில் குத்தி எடுத்து, 3000 விதையாவது, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ, அனுப்புங்கள்.

சுத்திகரித்த சோயா எண்ணெயில்?

அகச்சிவப்பில் தெரியாது. சுத்திகரிப்பில் டிஎன்ஏ பெரும்பாலும் போய்விடுவதால் பிசிஆரும் தடுமாறும். பருப்பாக இருக்கும்போதே சோதியுங்கள்.

அகச்சிவப்புக்கு அரைத்த மாவையே பிசிஆருக்கும் அனுப்பலாமா? (ஜெலுத்தோங்)

வேண்டாம். அரவை இயந்திரத்தின் பல்லிடுக்கில் தங்கிய முந்தைய மாவு சிட்டிகையளவே இருந்தாலும் அகச்சிவப்புக்கு அது தெரியாது. பிசிஆருக்கோ தெளிவாகத் தெரியும். அரைப்பதற்கு முன்பே பிசிஆர் பங்கைத் தனியே எடுத்து முத்திரையிட்டுவிடுங்கள்.