விரியும் பேரண்டத்தின் சமன்பாடுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஃபிரீட்மான் மாதிரி என்பது என்ன?

பதில்: பேரண்டம் பெரிய அளவில் எவ்விடத்திலும் எத்திசையிலும் ஒரே தன்மை உடையது என்று கொண்டால், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகள், தொலைவுகள் காலத்தோடு எந்த விகிதத்தில் மாறுகின்றன என்று கூறும் 'அளவுக் காரணி' என்ற ஒரேயொரு சார்புக்கான சமன்பாடுகளாகச் சுருங்கிவிடுகின்றன. பொருளின் அடர்த்தி, வெளியின் வளைவு, அண்டவியல் மாறிலி (வெற்றுவெளிக்கே உரிய ஆற்றலைக் குறிக்கும் எண்) ஆகிய மூன்றும் விரிவின் வீதத்தைத் தீர்மானிக்கின்றன. ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாந்தர் ஃபிரீட்மான் 1922இல் இதை வெளியிட்டபோது, கணக்கில் பிழை இருப்பதாக ஐன்ஸ்டைன் குறிப்பு எழுதினார். மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றார். 1925இல், 37 வயதிலேயே ஃபிரீட்மான் இறந்துவிட்டார். தம் கணக்கை வானம் மெய்ப்பித்ததை அவர் காணவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

கேள்வி: விரிவின் மையம் எங்கே உள்ளது?

பதில்: எங்கும் இல்லை. ஏற்கெனவே இருந்த வெற்றிடத்தில் ஏதோ வெடித்துச் சிதறியதாக எண்ண வேண்டாம், விரிவது வெளிதான்.

கேள்வி: அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்பிள் கண்டுபிடித்த விதியில் லெமேத்ரின் பெயரை ஏன் சேர்க்கிறார்கள்?

பதில்: பெல்ஜியப் பாதிரியாரான ஜார்ஜ் லெமேத்ர் 1927இலேயே, விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகும் வேகம் அவற்றின் தொலைவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதைச் சமன்பாடுகளிலிருந்து வருவித்து, விகித மாறிலியையும் (இன்று ஹப்பிள் மாறிலி எனப்படுவது) மதிப்பிட்டார். கட்டுரை பிரெஞ்சில் இருந்ததால் அதிகம் கவனிக்கப்படவில்லை. 1931இல் வந்த ஆங்கில வடிவத்தில் அந்தப் பகுதியே இல்லை. அதை நீக்கியவர் லெமேத்ரே என்பது 2011இல் தெளிவாயிற்று. 2018இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இரு பெயர்களையும் இணைத்து வழங்கப் பரிந்துரைத்தது.

கேள்வி: நோக்கீட்டுச் சான்று இல்லாத சமன்பாட்டுக்கு இவ்வளவு மதிப்பா? இது ஹப்பிளுக்கு இழைக்கும் அநீதி.

பதில்: லெமேத்ரும் நோக்கீடுகளைத்தான் பயன்படுத்தினார், வேகங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வானியலாளர் ஸ்லைஃபர் அளந்தவை, தொலைவுகளுக்கு அடிப்படை ஹப்பிளின் ஆய்வு. நேர்விகிதத்தை நம்பத்தக்க தரவால் நிறுவிய பெருமை ஹப்பிளுக்கே உரியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர் 1929 கட்டுரையில் விரியும் பேரண்டம் என்று முடிவு கூறவில்லை. பின்னாளிலும் அந்த விளக்கத்தில் தயக்கத்துடனேயே இருந்தார். அளந்தவரையும் அளவின் பொருளை உணர்ந்தவரையும் ஒருவராக்கிவிடுவதே என் கண்ணில் அநீதி.

கேள்வி: வெடிப்பு நிகழ்ந்த புள்ளியைத் தொலைநோக்கியில் காண இயலுமா?

பதில்: அப்படியொரு புள்ளி இல்லை. மையம் பற்றிய பதிலை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: கருந்துளைக்குள் என்ன நிகழும்?

பதில்: இது என் துறை அன்று, கருந்துளை ஆய்வாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஹப்பிள் மாறிலிக்கு ஏன் இரு மதிப்புகள்?

பதில்: பிளாங்க் விண்கலத்தின் நுண்ணலைப் பின்னணித் (பேரண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சிய கதிர்வீச்சு) தரவை இன்றைய மாதிரியில் பொருத்தினால், ஒரு மெகாபார்செக் (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கு நொடிக்கு ஏறத்தாழ 67 கிலோமீட்டர் கிடைக்கிறது, ஒளி சீராகக் கூடிக்குறையும் செஃபீடு விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களையும் கொண்டு நேராக அளந்தால் ஏறத்தாழ 73. முதலாவது, மாதிரி சரி என்ற எடுகோளைச் சார்ந்தது. ஆகவே பிழை அளவீட்டிலா, மாதிரியிலா என்பது இன்னும் தீராத வழக்கு.