செயின்ட் குரோய் தீவில் இறங்க முடியுமா?

கேள்வி: ஹாலிஃபாக்ஸில் வசிக்கிறோம். 1604-இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய செயின்ட் குரோய் தீவை, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குக் காட்ட விரும்புகிறோம். அவர்களிடம் கனடா விசா மட்டுமே உள்ளது. தீவுக்குப் படகு உண்டா?

பதில்: தீவில் இறங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரு நாடுகளின் எல்லையாக ஓடும் ஆற்றின் நடுவே இருந்தாலும், அது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்தது. மேலும், குடியேறியவர்களின் கல்லறைகள் உள்ள அந்தச் சிறிய நிலம் அரிப்புக்கு உள்ளாகி வருவதால், பார்வையாளர்கள் அங்கே செல்வதை, தீவைப் பராமரிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்கா நிர்வாகமே ஊக்குவிப்பதில்லை. கரையிலிருந்து பார்ப்பதே முறை. அமெரிக்கக் கரையில், கேலஸ் நகருக்குத் தெற்கே ரெட் பீச்சில், வெண்கலச் சிலைகளுடன் அமைந்த நடைபாதை உள்ளது. ஆனால் அதற்கு உங்கள் பெற்றோருக்கு அமெரிக்க விசா வேண்டும். ஆகவே நியூ பிரன்சுவிக்கில், செயின்ட் ஆண்ட்ரூஸ் அருகிலுள்ள பேசைடுக்குச் செல்லுங்கள். அங்கிருந்து தீவு நன்றாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

தீவில் கட்டடம் எதுவும் எஞ்சவில்லை என்பதால், கதை தெரியாமல் போனால் ஆற்று நடுவே சில மரங்களைப் பார்த்ததாகவே தோன்றும். பியேர் துகுவா த மோன் தலைமையில், வரைபடக்காரர் ஷாம்ப்லேன் உட்பட 79 பேர் அங்கே தங்கினர். பாரிஸைவிடத் தெற்கே இருக்கும் இடத்தில் குளிர் கடுமையாக இருக்காது என்றே அவர்கள் கணக்கிட்டிருக்க வேண்டும். ஆனால் அக்டோபர் தொடக்கத்திலேயே பனி பெய்தது. பாதுகாப்புக்காகத் தேர்ந்தெடுத்த தீவே சிறையாயிற்று: ஆற்றில் அலைந்த பனிப்பாளங்கள் படகுகளைத் தடுக்க, கரையிலிருந்த விறகும் நன்னீரும் எட்டாமல் போயின. உப்பிட்ட இறைச்சியையே உண்டு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்டு 35 பேர் இறந்தனர். வசந்தத்தில் அப்பகுதிப் பூர்வகுடிகளான பாசமாக்வாடி மக்கள் கொண்டுவந்த புதிய இறைச்சிதான் மற்றவர்களைத் தேற்றியது.

1605 கோடையில், எஞ்சியவர்கள் ஃபண்டி விரிகுடாவைக் கடந்து, இன்றைய நோவா ஸ்கோஷியாவில் உள்ள போர்ட் ராயலுக்கு இடம்பெயர்ந்தனர். நீங்களும் அதே வரிசையில் செல்லலாம். பேசைடைப் பார்த்தபின் செயின்ட் ஜானிலிருந்து டிக்பிக்குக் கார் ஏற்றும் கப்பலில் கடந்தால், ஹாலிஃபாக்ஸ் திரும்பும் வழியிலேயே போர்ட் ராயல் வந்துவிடும். அங்கே 1939-40-இல் மறுபடி எழுப்பப்பட்ட மரக் குடியிருப்பு முற்றத்துடன் நிற்கிறது; உங்கள் பெற்றோருக்கு அதுவே அதிகம் பிடிக்கும் என்பது என் கணிப்பு. இரண்டில் ஒன்றுக்கே நேரம் இருந்தால், தயங்காமல் போர்ட் ராயலையே தேர்ந்தெடுங்கள். அது கோடைக்காலத்தில்தான் திறந்திருக்கும் என்பதால், தேதிகளை உறுதிசெய்துகொண்டு கப்பலுக்கு முன்பதிவு செய்யுங்கள்.