வான் வண்டியை வாங்கிப் போகவா, வாடகைக்குப் பிடித்துப் போகவா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். ஓய்வூதியம் 68,000 ரூபா. பணிக்கொடையாக வந்த 22 இலட்சம் வங்கியில் நிலையான வைப்பில் இருக்கிறது. ஓகஸ்டில் மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் கனடாவிலிருந்து வருகிறார்கள். பழைய டொயோட்டா டவுன்ஏஸ் வான் ஒன்று 30 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் 8 இலட்சம் போட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி வைத்தால் மலைநாடும் தேசியப் பூங்காக்களும் பத்து நாள் சுற்றலாம், பிறகு நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். வைப்பை உடைத்து, மிச்சம் 16 இலட்சத்துக்கு லீசிங் கடன் போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பயணத்தை விடாதீர்கள், வானை விடுங்கள்.

லீசிங் வட்டி 18 சதவீதம், நான்கு வருடம் என்று வைத்துப் பார்த்தேன். மாதத் தவணை கிட்டத்தட்ட 47,000 வருகிறது. உங்கள் ஓய்வூதியத்தில் மிஞ்சுவது 21,000. அதில் சாப்பாடு, கரண்ட், மருந்து எல்லாம் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று தவணை பிந்தினால் வானை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், போட்ட 22 இலட்சமும் அதோடு போகும். வைப்புக்கு 8 சதவீத வட்டி என்றால், உடைப்பதால் வருடம் 1,76,000 ரூபாவும் இல்லாமல் போகிறது. தவணையையும் சேர்த்தால் வருடத்துக்கு 7,40,000. காப்புறுதி, டயர், கராஜ் செலவு தனி.

மகன் சொல்லும் வாடகைக் கணக்கைப் பார்ப்போம். செலவு போக நாளுக்கு 10,000 கையில் நின்றாலும், 74 நாள் ஓடினால்தான் அந்த 7,40,000 வரும். எங்கள் பக்கம் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். ஐந்து மாதத்தில் பாதி நாள் ஆள் பிடிக்க வேண்டும், அதுவும் முதல் வருடமே. ஓகஸ்டில் வான் உங்கள் குடும்பத்தோடு மலையில் நிற்கும். வாடகைக்கு விடுவதென்றால் காப்புறுதியையும் அதற்கேற்ற வகையில் எடுக்க வேண்டும். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடி அடிபட்டால் இழப்பீடு கிடைக்காது.

ஆறு மாதமாக என்னிடம் இதே கேள்வியோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டவுன்ஏஸில் ஐந்து பேர் படுக்க முடியாது, எப்படியும் அறை எடுக்கத்தான் வேண்டும். மின்னேரியா, கவுடுல்ல பூங்காக்களில் யானை பார்க்க ஜீப் பிடித்துத்தான் போகிறார்கள், உங்கள் வான் ஹபரணையில் நிற்கும். ஹோர்டன் சமவெளிக்குள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கவும் விடமாட்டார்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்த இடத்தில்தான் தங்கலாம். ஆக 38 இலட்சம் போட்டும் ஜீப் காசு, நுழைவுக் கட்டணம், அறை வாடகை எதுவும் மிச்சமாகாது.

கடற்கரை ஊர் வானுக்கு இன்னொரு கவலை உண்டு. கதவுக்குக் கீழே ஓரத்தில் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மண்ணிறப் பொருக்கு உதிர்ந்தால் அடித்தட்டிலும் துரு ஏறியிருக்கலாம். அந்த வண்டியில் தாங்கி நிறையத் தண்ணீரும் காஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு மஹியங்கனை வீதியின் 18 வளைவில் பேரப்பிள்ளைகளோடு இறங்குவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

மலை வீதி பழகிய சாரதியோடு வான் வாடகைக்குப் பிடியுங்கள். நாளுக்கு 25,000 என்றாலும் பத்து நாளுக்கு இரண்டரை இலட்சம்தான். கந்தளாய், ஹபரணை, மாத்தளை, கண்டி, மஹியங்கனை, பதுளை, எல்ல, அப்புத்தளை என்று போகலாம். ஓகஸ்டில் மின்னேரியாக் குளத்தடியில் யானைகள் கூட்டமாக வரும், ஊவாப் பக்கம் மழையும் குறைவு. ஹோர்டன் சமவெளியில் அந்த மாதம் காற்றும் மூடுபனியும் இருக்கும், ஒரு காலை ஒதுக்கினால் போதும். மருமகன் தானே ஓட்டுவேன் என்றால், கனடா லைசன்ஸை இங்கே செல்லுபடியாக்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

காசுக்கு வைப்பை உடைக்க வேண்டாம். இந்தப் பெப்ரவரியிலிருந்து ஜூலை வரை மாத வட்டியை எடுத்து வையுங்கள், 88,000 சேரும். உங்கள் வருமானம் வருடம் 18 இலட்சத்துக்குக் குறைவு, ஆகவே வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் வட்டியில் 10 சதவீத வரியும் பிடிக்கமாட்டார்கள். மிச்சத்தை மகளிடம் மனம் திறந்து சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள். அப்பா கடன்பட்டுத் தன்னைக் கூட்டிப்போவதை எந்த மகளும் விரும்பமாட்டாள். அப்படியும் குறைந்தால் வைப்பின்மேல் சிறு கடன் எடுக்கலாம், வைப்பு அப்படியே இருக்கும்.

பூங்காக்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. மகளிடம் இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். வானை விற்கிறவருக்கு முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள்.